கூரையின் மூன்றாவது பூச்சு

1

2023 ஜூலை 16, ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணி பத்து நிமிடம். ராத்திரி பிடித்த மழை ஆறே முக்காலுக்குத்தான் விட்டிருந்தது. வானம் இன்னும் கரித்துணி மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. தாராவியில் இசக்கியின் பெயிண்ட் கொட்டகை வாசலில் கணுக்கால் அளவு தண்ணீர். அதில் மிதந்தவற்றை எண்ணினேன்: செருப்பு இரண்டு, ஜோடி இல்லை, தெர்மோகோல் துண்டு ஐந்து, செத்த பெருச்சாளி ஒன்று. உள்ளே என் கார் நின்றது. என்னையும் இசக்கியையும் விட்டால் அதைச் சுற்றிப் பத்துப் பேர். பத்துப் பேரும் ஒரே நேரத்தில் யோசனை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

மழைக்காலத்தில் காருக்கு பெயிண்ட் அடிக்கிறவன் மடையன் என்றார் ஒருவர். மழைக்காலத்தில்தான் தூசி பறக்காது, அடிக்கலாம் என்றார் இன்னொருவர். எஞ்சினை முதலில் இறக்கு, கடைசியில் இறக்கு, இறக்கவே இறக்காதே. மூன்று வாயிலிருந்து மூன்றும் வந்தன. வடை தின்ற கையை என் முன்கதவில் துடைத்துக்கொண்டே ஒரு ஆள், "ஒரிஜினாலிட்டி போயிடக் கூடாது சார்" என்றார். அந்த எண்ணெய்க் கறையை என் கைக்குட்டையால் துடைத்தேன்.

அன்று அங்கே கூடியது வட்டம் பார்க்க. அது என்ன என்று பிறகு சொல்கிறேன். ஏன் அந்த நிலைக்கு வந்தேன் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

2

ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்கள், பம்பாயில் கார் வாங்குவதைப் பெரிய காரியம் என்று நினைக்கிறார்கள். வாங்குவது ஒன்றுமே இல்லை. நிறுத்த இடம் வைத்திருப்பதுதான் சொத்து. செம்பூரில் எங்கள் கட்டடத்தில் இருபத்துநான்கு வீடுகள், கார் நிறுத்தப் பதினான்கு இடங்கள். பதினோராம் எண் என்னுடையது. தூணுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவே, கதவைப் பாதிதான் திறக்க முடியும். 1988-இல் மூன்று வருஷம் காத்திருந்து வாங்கிய சாம்பல் நிறப் பத்மினி கார் அங்கேதான் நின்றது. முப்பத்தைந்து வருஷம். கடைசி நான்கு வருஷம் ஓடாமல்.

அந்த இடத்தை வைத்துக்கொள்ள, காலாவதியாகாத ஆர்.சி. புத்தகத்தின் நகலை வருஷா வருஷம் கட்டடச் சொசைட்டியில் கொடுக்க வேண்டும். என் ஆர்.சி. ஆகஸ்ட் 31-ஆம் தேதியோடு முடிகிறது. புதுப்பிக்க வேண்டுமானால் வண்டி ஓட வேண்டும், விளக்கு எரிய வேண்டும், அடித்தட்டில் ஓட்டை இருக்கக் கூடாது. ஆறு ஓட்டை இருந்தது.

என் மகன் தினேஷ் பேட்டரி கார் ஒன்றுக்குப் பதிந்திருந்தான். செப்டம்பர் முதல் தேதி வரும். என்னைக் கேட்காமலே என் தூணில் சார்ஜ் செய்யும் பெட்டியைப் பொருத்திவிட்டான். நான்கு திருகாணி. காலையில் கீழே இறங்கிப் பார்த்தால் என் வண்டியின் தலைக்கு மேல் அது பச்சை விளக்கைக் கண்சிமிட்டிக்கொண்டிருந்தது. பிணம் எடுப்பதற்கு முன்னால் கட்டிலுக்கு விலை பேசுகிற மாதிரி இருந்தது எனக்கு.

"இது யாரைக் கேட்டு?" என்றேன்.

"அப்பா, பஸ் ஹோ கயா. அது காடி இல்ல, கபாட். பழைய இரும்புக்காரன் ஒரு போன் பண்ணா தூக்கிட்டுப் போவான்." போதும், அது வண்டி இல்லை, காயலான் சரக்கு என்கிறான்.

"ஆகஸ்டு முப்பத்தொண்ணு வரைக்கும் அது வண்டி. இடமும் என் பேர்ல."

"அதுக்குள்ள பாஸ் ஆயிடுச்சுன்னா என் காரை நான் பே அண்ட் பார்க்ல விட்டுக்கறேன். ஆகலன்னா இது போகணும். டீல்?"

அப்பாவோடு டீல் போடுகிறான். சரி என்றேன். கையில் ஐம்பத்தாறு நாள் இருந்தது.

3

நாங்கள் ஒரு குழு. பழைய வண்டி வைத்திருக்கும், வாங்க ஆசைப்படும், வாங்கிவிட்டு அழும் தமிழர்கள் நாற்பத்தாறு பேர். ஞாயிறு காலை மாட்டுங்காவில் ஒரு காபிக் கடையில் கூடுவோம். மற்ற ஆறு நாளும் செல்பேசியில். குழுவை நடத்துவது கெவின் என்கிற இருபத்தொன்பது வயதுப் பையன். தாத்தா காலத்தில் தூத்துக்குடியிலிருந்து மாஹிமுக்கு வந்த குடும்பம். நல்லவன்தான், தமிழை மட்டும் ஆங்கில எழுத்தில்தான் எழுதுவான். அதைப் படிக்கப் பல்லைப் பிடுங்குகிற வேதனை. நான் தமிழில் எழுதினால் நாற்பத்தாறில் பதினோரு பேருக்குத்தான் படிக்கத் தெரியும். ஐம்பத்தோரு வருஷம் முன்னால் நான் இந்த ஊருக்கு வந்தபோது, தாராவியில் கடைப் பலகையில் ஒரு ஒற்று விட்டுப்போனால் சண்டை வரும். இப்போது பலகையே படிக்க ஆள் இல்லை.

மருந்துக் கம்பெனி ஒன்றில் முப்பத்துமூன்று வருஷம் ஸ்டோர்ஸ் பார்த்தவன் நான். புட்டி, மூடி, லேபிள் என்று எண்ணி எண்ணியே தலை நரைத்தது. அந்தப் பழக்கத்தில், பழைய கார் வாங்கப் போகிறவர்களுக்காகப் பதினேழு கேள்விகள் எழுதிக் கொடுத்தேன். கெவின் அதை வாயால் படித்துப் பதிவு செய்து குழுவில் போட்டான். அதில் முதல் கேள்வி இது: 'ஆர்.சி.யில் இருக்கும் சேஸிஸ் எண்ணை, வண்டியின் தகட்டில் உங்கள் கண்ணால் படித்தீர்களா? புதிதாய்க் குத்தியது போல் இருந்தால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள்.' இந்தக் கேள்வியால் வாங்காமல் தப்பியவர்கள் எனக்குத் தெரிந்து எட்டுப் பேர்.

மகனிடமும் கொடுத்தேன். "பதினேழுல பதினாறு பெட்ரோல் வண்டிக்குப்பா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டான். மிச்சம் ஒன்று எது என்று அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

4

வட்டம் பார்ப்பது எங்கள் குழுவின் வழக்கம். ஒரு வண்டியைப் புதுப்பிக்கத் தொடங்கும் முன், உடம்பில் ஒரு இடத்தில் ரூபாய் நாணயம் அளவுக்கு உப்புத்தாளால் தேய்ப்பார்கள். மேல் பூச்சு போய், அடுத்த பூச்சு, அதற்கும் அடியில் இன்னொன்று என்று வளையம் வளையமாகத் தெரியும். எத்தனை தடவை பெயிண்ட் கண்டது, பிறந்த நிறம் எது என்று அதில் படித்துவிடலாம். தேய்ப்பதற்கு முன் வண்டிக்காரர் எண்ணிக்கையைச் சொல்ல வேண்டும். சரியாக இருந்தால் பந்தயம் கட்டியவர்கள் ஆளுக்கொரு காபி அவருக்கு வாங்கித் தர வேண்டும். தப்பினால் அவர் கட்டியவர்கள் எல்லோருக்கும் வாங்கித் தர வேண்டும்.

"மூணு பூச்சு" என்றேன். சந்தேகமே இல்லை. 1988 கம்பெனி சாம்பல், 1995 சாம்பல், 2009 சாம்பல். ஒன்பது பேர் பந்தயம் கட்டினார்கள். எந்த வட்டத்துக்கும் பந்தயம் கட்டாமல் இருக்காத ராஜபாண்டி மட்டும் கட்டவில்லை.

ராஜபாண்டி என் வயதுக்காரன். எங்கள் பக்கத்து ஊர். மாட்டுங்காவில் கார் உதிரிபாகக் கடை வைத்திருந்தான். 1995-இல் சயான் சிக்னலில் லாரி ஒன்று என் காரின் மேல் சரக்கைக் கொட்டிக் கூரையை நசுக்கிவிட்டது. ராஜபாண்டிதான் தனக்குத் தெரிந்த குர்லா டிங்கரிங் கடையில் கொடுத்துச் சரிசெய்து தந்தான். அந்த நேரத்தில் அப்பா இறந்து நான் நாற்பத்தொரு நாள் ஊரில் இருந்தேன். திரும்பி வந்தபோது கூரையில் ஒரு நெளிவு இல்லை. அன்று முதல் அந்தக் கூரையைக் காட்டாத ஆள் இல்லை. "கையால் நிமிர்த்தியது. ஸ்கேலை வைத்துப் பாருங்கள்" என்பேன். ஸ்கேலையும் நானே கொடுப்பேன். அந்தக் கடைக்கு ஆறு பேரை அனுப்பியும் வைத்தேன்.

"கூரையில தேய், இசக்கி" என்றேன்.

"கூரை எதுக்கு வே?" என்றான் ராஜபாண்டி. "தண்ணி தங்குற எடம். கதவுல தேய்க்கச் சொல்லும்."

"கூரைதான் வே இந்த வண்டிக்கு அழகு."

"அழகை ஏன் வே சொறியுதீரு? கதவுல பாத்தா பத்தாதா?"

"ஒமக்கென்ன வே வந்துச்சு? பந்தயமும் கட்டல. சும்மா நில்லும்."

இசக்கி உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தான். சாம்பல். மறுபடி சாம்பல். கெவின் செல்பேசியில் படம் பிடித்துக்கொண்டே, "தர்ட் கோட் வருது அங்கிள், ரெடியா?" என்றான். நான் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டினேன்.

இசக்கியின் கை நின்றுவிட்டது. "அண்ணாச்சி, என்ன இது, மஞ்சள்லா வருது?"

மஞ்சள். அதற்கு அடியில் இன்னொரு மஞ்சள். அதற்கும் அடியில் வெளிறிய மூன்றாவது மஞ்சள். பிறகுதான் இரும்பு. ஐந்து பூச்சு. கறுப்பு உடம்பு, மஞ்சள் கூரை. பம்பாயில் அந்த மஞ்சளைத் தெரியாதவன் கிடையாது.

"அங்கிள்," என்றான் கெவின், "இது டாக்ஸி."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

எஞ்சின் மூடியைத் திறந்து, உடம்போடு பிறந்த சேஸிஸ் எண் இருக்கும் தகட்டை இசக்கி மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தான். என் எண் எனக்கு மனப்பாடம். கடைசி மூன்று இலக்கம் 417. தகட்டில் இருந்தது 902. மூன்று முறை படித்தேன். முப்பத்தைந்து வருஷத்தில் அதற்கு முன் ஒரு முறைகூடப் படித்ததில்லை. நான்கு முறை ஆர்.சி.யைப் புதுப்பித்திருக்கிறேன். தகட்டின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரதி எடுக்க வேண்டும். நான்கு முறையும் அதை ஏஜெண்ட் எடுத்துக்கொண்டு வந்தான். எதன் மேல் வைத்துத் தேய்த்தானோ. நான் பெஞ்சில் உட்கார்ந்து எனக்கு முன்னால் எத்தனை பேர் என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

5

மற்றவர்கள் போன பிறகு ராஜபாண்டி கவிழ்த்துப் போட்ட பெயிண்ட் டின் ஒன்றின் மேல் உட்கார்ந்திருந்தான்.

"சொல்லும்" என்றேன்.

"என்னத்தச் சொல்ல? கூரை மட்டுமா நசுங்கிச்சு? தூணெல்லாம் வளைஞ்சுபோச்சு. நிமித்த முடியாதுன்னுட்டான் குர்லாக்காரன். ஓடி முடிஞ்ச டாக்ஸி ஒண்ணு கெடந்துச்சு. அந்தப் பாடியில ஒம்ம எஞ்சினு, ஒம்ம கதவு, ஒம்ம சீட்டு எல்லாத்தையும் மாத்தி வச்சுக் குடுத்தான்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல வாய் வரல."

"நீரு அப்பாவைப் பறிகுடுத்துட்டு ஊர்ல கெடந்தீரு. போன்ல கூப்பிட்டு ஒம்ம காரும் செத்துப்போச்சுன்னு சொல்லவா?"

"வந்த பெறகு?"

"வந்து எறங்குன அன்னைக்கே ஸ்கேலை எடுத்துக்கிட்டு வந்து நின்னீரு. ஒரு நெளிவு இல்லைன்னு என்னைக் கட்டிப் பிடிச்சீரு. அப்பச் சொல்ல முடியுமாவே? பெறகு ஒவ்வொரு வருஷமும் கஷ்டமாப் போச்சு." எழுந்து நின்று, "இருபத்துநாலு வருஷம் ஓடிச்சா இல்லையா? அதைச் சொல்லும்" என்றான்.

ஓடியது. 1995-இல் ஊரில் காரியத்துக்கு வந்த சொந்தக்காரர்களிடம் பர்சிலிருந்து இந்தக் காரின் போட்டோவை எடுத்துக் காட்டியது ஞாபகம் வந்தது. துட்டி வீட்டில். மொத்தம் பத்தொன்பது பேரிடம். "சொந்தக் காரு, டாக்ஸி இல்லை" என்று கேட்காமலே சொன்னேன். அதே நாட்களில்தான் குர்லாவில் அதை அறுத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

ராஜபாண்டியிடம் அதற்கு மேல் பேசவில்லை. வீட்டுக்கு வந்து மனைவி செண்பகத்திடம் சொன்னேன். வெங்காயம் நறுக்குவதை நிறுத்தாமல் கேட்டாள்.

"அப்ப என்னை மூணு தடவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனது டாக்ஸியிலயா? நல்லவேளை, மீட்டர் ஓடல."

அவளுக்குச் சிரிப்பு. எனக்கு அந்த வெங்காயத்தில்கூடக் கண் எரியவில்லை.

6

குழுவில் அன்று சாயங்காலத்துக்குள் இருநூற்றுப் பன்னிரண்டு செய்திகள். பெரும்பாலும் ஒரே யோசனைதான், வேறு வேறு நாகரிகத்தில். தகட்டில் 902-ஐத் தேய்த்து எடு, 417-ஐக் குத்து, மேலே பெயிண்ட் அடி. கெவின் வாக்கெடுப்பு வைத்தான். குத்தலாம் என்று இருபத்தேழு பேர். கூடாது என்று ஐந்து பேர். மிச்சப் பேர் கைகூப்பும் பொம்மை போட்டிருந்தார்கள். இவர்கள்தான் ஒரிஜினாலிட்டி, ஒரிஜினாலிட்டி என்று ஆறு வருஷமாக என் காதைத் தின்றவர்கள்.

ஏஜெண்டுக்குப் போன் செய்தேன். "காகா, டென்ஷன் நகோ" என்றான். சித்தப்பா, கவலைப்படாதே என்கிறான். "தோ மினிட் கா காம். ஆதா பம்பாய் அய்சே ஹி சல்தா ஹை." இரண்டு நிமிட வேலையாம், பாதி பம்பாய் இப்படித்தான் ஓடுகிறதாம். இருக்கும். அதனால்தான் இப்படி நாறுகிறது.

ஆனாலும் போனேன். மறைப்பதற்கு ஒன்றுமில்லை. ஆகஸ்ட் 9-ஆம் தேதி, புதன்கிழமை, குத்துகிற முடிவோடுதான் தாராவிக்குப் போனேன். அதற்குள் இசக்கி அடித்தட்டின் ஆறு ஓட்டையையும் அடைத்திருந்தான். எஞ்சின் ஓடியது. விளக்குகள் எரிந்தன. மூன்று இலக்கம்தான் பாக்கி. இல்லாவிட்டால் பதினோராம் எண் மகனுக்கு, வண்டி இரும்புக்கு.

இசக்கி பக்கத்துப் பட்டறையிலிருந்து எண் குத்தும் உளிகளை வாங்கி வந்து செய்தித்தாளில் பரப்பினான். எண்ணினேன். ஒன்பதுதான் இருந்தது.

"ஒண்ணு கொறையுதே இசக்கி."

"கொறையல அண்ணாச்சி. ஆறைத் திருப்பிப் போட்டா ஒம்பது. அதுக்குத் தனியா எதுக்கு?"

நான்காம் எண் உளியை எடுத்துப் பார்த்தேன். விரல் நீளம். முனையில் எண் கண்ணாடியில் தெரிவது போல் திரும்பி இருந்தது. இசக்கி சுத்தியலைத் தொடையில் தட்டிக்கொண்டிருந்தான். அப்போது கெவினிடமிருந்து போன் வந்தது.

"அங்கிள், சாரி, நா அந்த ஓட்டிங் வெச்சிருக்கக் கூடாது. நா ஒரு கார் பாக்க தானே ஸ்டேஷன் பக்கம் வந்திருக்கேன். செவன்ட்டி எய்ட் மாடல். செம்மயா இருக்கு. உங்க ஃபர்ஸ்ட் கொஸ்டின் கேட்டேன். நம்பர் புதுசா குத்துன மாதிரி இருக்கு. விட்டுடவா?"

"விட்டுட்டு வா" என்றேன்.

"கியாரண்டியா?"

"திரும்பிப் பாக்காம வா."

போனை வைத்துவிட்டு உளியை மற்ற எட்டோடு சேர்த்தேன். "மடிச்சுக் கட்டு இசக்கி."

"ஏன் அண்ணாச்சி? மனசு வரலியா?"

மனசு வந்தது. அதுதான் அசிங்கமாக இருந்தது. தானேயில் அந்தக் காரை வைத்துக்கொண்டு கெவினின் பதிலுக்காகக் காத்து நிற்கிறவனும் ஒரு மழை நாளில், யாரோ ஒரு இசக்கியிடம், இதே மாதிரி ஒரு உளியைக் கையில் எடுத்துப் பார்த்திருப்பான். அவனுக்கும் ஒரு காரணம் இருந்திருக்கும்.

7

பொய் சொல்ல ஒரு நாள் போதும். உண்மையைச் சொல்ல எனக்கு ஐந்து தடவை அலைச்சல். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஒரு அம்மாளிடம் நோட்டரி முத்திரை வைத்த கடிதத்தைக் கொடுத்தேன். என் பேரில் இருக்கும் வண்டி என் வண்டி இல்லை, உடம்பு வேறு, எண் இது, விவரம் இது என்று வரிசையாக எழுதியிருந்தேன். இரண்டு முறை படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"காகா, சோரி ஹுயி கியா?" திருட்டுப் போய்விட்டதா என்று கேட்கிறார்.

"நஹி. காடி கர் பே ஹை. பர் வோ மேரா காடி நஹி ஹை." வண்டி வீட்டில்தான் இருக்கிறது, ஆனால் அது என் வண்டி இல்லை என்றேன். ஐம்பத்தோரு வருஷத்துக்குப் பிறகும் என் ஹிந்தியில் காடிக்கு ஆண்பாலா பெண்பாலா என்பது தீராத வழக்கு.

அவர் பக்கத்து மேஜையில் இருந்தவரைக் கூப்பிட்டார். அவர் இன்னொருவரை. வண்டியை விற்க ஒரு படிவம் உண்டு, தொலைந்தால் ஒன்று உண்டு, உடைக்க ஒன்று உண்டு. இதற்கு இல்லை. ஓட்டுவதற்கு எண் பொருந்த வேண்டும். உடைப்பதற்கும் எண் பொருந்த வேண்டும். உயிரோடும் வைக்க முடியாது, சாகவும் விட முடியாது. கடைசியில் போலீஸில் 902-ஐச் சரிபார்த்து எழுதி வாங்கி வரச் சொன்னார்கள். 902 திருட்டு வண்டி இல்லை. 1994-இல் ஓட்டம் முடிந்து பதிவு ரத்தான டாக்ஸி. அதன் சொந்தக்காரர் பெயர் அந்தத் தாளில் இருந்தது. படிக்காமல் மடித்துவிட்டேன். ஐந்தாவது தடவை அந்த அம்மாள் இரண்டு எண்களையும் ஒரே தாளில் எழுதி ரத்து முத்திரை குத்தினார். "ஆஜ் தக் அய்சா கோயி லிக்கே நஹி லாயா, காகா" என்றார். இப்படி எழுதிக்கொண்டு யாரும் வந்ததில்லையாம். அது பாராட்டா, பரிதாபமா என்று தெரியவில்லை. தேநீர் தரவில்லை என்பதால் பரிதாபம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 30-ஆம் தேதி, தாராவியிலிருந்து ஓடியே திரும்பிப் பதினோராம் எண்ணில் நின்ற வண்டியைத் தூக்க இரும்புக்காரரின் கிரேன் வந்தது. ஏழு நிமிடம். மகன் வேலைக்குப் போகாமல் பக்கத்தில் நின்றான். "ஆர் யூ ஓகேப்பா?" என்று கேட்டான். அவனுக்குத் தமிழில் அதைக் கேட்கத் தெரியாது. எனக்கு ஆங்கிலத்தில் அதற்குப் பதில் சொல்லத் தெரியாது. வண்டியைத் தூக்கும்போது கூரையில் அந்த வட்டம் ஒரு முறை வெயிலில் மஞ்சளாகத் தெரிந்தது.

அன்றே பட்டியலில் பதினெட்டாவது கேள்வியைச் சேர்த்தேன்: 'இந்த முதல் கேள்வியை உங்கள் சொந்த வண்டியிடம் கேட்டீர்களா?' கெவின் படித்துப் பதிவு செய்தான். அதன் கீழே ஒரே மாதிரியான கைதட்டல் பொம்மைகள் முப்பத்தொன்று வந்தன. எண்ணிவிட்டு அணைத்துவிட்டேன்.

அடுத்த ஞாயிறு மாட்டுங்காவில் பந்தயக் கடனைத் தீர்க்க வேண்டியிருந்தது. "ஒன்பது காபி" என்றேன். சர்வர் பத்து டம்ளர் கொண்டுவந்தான். திரும்பிப் பார்த்தால், ஒன்றரை மாதமாக வராத ராஜபாண்டி எனக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தான். காபி சொன்ன என்னை விட்டுத் தலை எண்ணித்தான் சர்வர் கொண்டுவந்திருக்கிறான்.

"இவன் பந்தயம் கட்டல. ஒண்ணைத் திருப்பி எடுத்துட்டுப் போ" என்றேன்.

"ஊத்தினது ஊத்தியாச்சு சார்" என்று அவன் போய்விட்டான்.

ராஜபாண்டி உட்கார்ந்தான். காபியை எடுக்கவில்லை. நானும் எடுத்துக்கொள் என்று சொல்லவில்லை. மற்றவர்கள் யாரோ ஒருவர் வாங்கப்போகும் ஜீப்பைப் பற்றிக் கத்திக்கொண்டிருந்தார்கள். காபியில் ஏடு கட்டத் தொடங்கியதும் எனக்குப் பொறுக்கவில்லை. "ஆறுது வே" என்றேன்.

தாராவிக்கு இழுத்துப்போன கூலி, இசக்கியின் இரும்பும் உழைப்பும், நோட்டரி, ஐந்து தடவை அலைச்சல் எல்லாம் சேர்த்து, இரும்புக்காரர் கொடுத்ததைக் கழித்து, மொத்தம் முப்பத்தெட்டாயிரத்து அறுநூற்று நாற்பது ரூபாய். பத்துக் காபி உட்பட.